மடைக்கு வடக்கே

கடற்கரைப் பக்கம் லீவுக்குப் போகிற நண்பர்கள் என்னிடம் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். "அங்க தூண்டில் போட நல்ல இடம் எதுடா? லொகேஷன் அனுப்பேன்." நான் தூண்டில்காரன் என்பது ஆபீஸில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் நான் அனுப்புவதில்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவேன். திமிர் என்று நினைக்கிறார்கள். திமிரெல்லாம் இல்லை. ஒருமுறை அனுப்பியிருக்கிறேன், அதனால்தான்.

எனக்கு ஊர் ராஜபாளையம். கடல் கிடையாது. மேற்கே மலை, நடுவில் மில்லுகள், சுற்றிலும் கண்மாய்கள். மழை பெய்தால் முடங்கியாற்றில் தண்ணீர் வரும், கண்மாய் நிறையும், மறுகால் பாயும். ஒரு கண்மாயின் மறுகால்தான் அடுத்த கண்மாய்க்கு வரத்து. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மீன் என்றால் கண்மாய் மீன்தான். கெண்டை, கெளுத்தி, குரவை, அயிரை, விரால். கடல் மீன் ஐஸ் பெட்டியில் வரும். அதற்குக் கண் சிவந்திருக்கும்.

தூண்டில் கற்றுக்கொடுத்தது மாமா. அம்மாவின் தம்பி. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை. நைட் ஷிப்ட் முடித்து, காதில் பஞ்சுத் துணுக்கோடு, தூங்காமல் நேரே கண்மாய்க்குப் போவார். சனிக்கிழமைகளில் சைக்கிள் கேரியரில் நான். எந்தக் கண்மாய் என்று இந்தக் கட்டுரையில் சொல்லப்போவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் ஊகித்துக்கொள்ளலாம், ஆனால் தப்பாகத்தான் ஊகிப்பார்கள்.

மாமாவிடம் மூங்கில் கம்பு ஒன்று, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, ஒரு தகர டப்பாவில் மண்புழு. அவ்வளவுதான். கரையில் ஒரு புளியமரம் தண்ணீர் பக்கம் சாய்ந்திருக்கும். அதுதான் எங்கள் இடம். மரத்தின் நிழல் தண்ணீரில் விழுகிற வரைக்கும் மீன் கடிக்கும், நிழல் கரையேறினால் கிளம்பிவிட வேண்டும். இதை அவர் விதியாகச் சொன்னதில்லை. நிழல் ஏறும், அவர் எழுந்திருப்பார். சொன்ன விதி ஒன்றே ஒன்றுதான். மழைக்காலம் முடிகிற சமயத்தில் சில இடங்களில் தண்ணீருக்கு மேல் குங்குமம் கரைத்த மாதிரி ஒரு சிவப்பு அலைந்துகொண்டிருக்கும். விரால் குஞ்சுகள். நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டு திரியும். கீழேயே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தச் சமயத்தில் பக்கத்தில் எது வந்து விழுந்தாலும் விரால் பாய்ந்து கவ்விவிடும். ஒரு தவளைக்குஞ்சை முள்ளில் மாட்டிப் போட்டால் போதும், சின்னப்பயல்கூடப் பிடிக்கலாம். "அங்க மட்டும் போடக்கூடாது மாப்ள," என்பார். காரணம் கேட்டதற்கு, "அது பசிக்காகக் கடிக்கல," என்றார்.

இன்னொரு ஏற்பாடும் இருந்தது. கண்மாய் மீனெல்லாம் பொதுச்சொத்து என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். அப்படியில்லை. மீன்பாசிக் குத்தகை என்று ஏலம் விடுவார்கள். எடுத்தவர் கட்லா, ரோகு குஞ்சுகளை வாங்கி விட்டு, கோடையில் வலைபோட்டு எடுப்பார். தூண்டில்காரர்களுக்குச் சட்டப்படி அங்கே எந்த உரிமையும் கிடையாது. ஆனால் எழுதாத ஒப்பந்தம் ஒன்று உண்டு. கெளுத்தி, ஜிலேபி எல்லாம் பிடிச்சுக்கோ, கட்லா மேல் கை வைக்காதே. கட்லா மாட்டினால் மாமா முள்ளைக் கழற்றித் திரும்ப விடுவார். காவலுக்கு இருக்கிறவர் அதைப் பார்ப்பார். அடுத்த முறை நாங்கள் வரும்போது அவர் வேறு பக்கம் பார்ப்பார். முப்பது வருஷம் இப்படித்தான் ஓடியது.

2018 பொங்கலுக்கு நான் பெங்களூரிலிருந்து வந்திருந்தேன். புதிதாக ரீல் வைத்த தூண்டில் வாங்கியிருந்தேன். அங்கே தூண்டில்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்திருந்தேன். அவரவர் போன இடம், பிடித்த மீன் என்று படம் வந்துகொண்டே இருக்கும். நான் மட்டும் பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்தச் சனிக்கிழமை புளியமரத்தடியில் ஒன்றரைக் கிலோ விரால் எனக்கு மாட்டியது. படம் எடுத்தேன். அனுப்பினேன். "எங்க ப்ரோ?" என்று ஒருவன் கேட்டான். யோசிக்கவே இல்லை. கூகுள் மேப்பைத் திறந்து, மரத்தின் மேல் விரலை வைத்து அழுத்தி, பின்னை அனுப்பிவிட்டேன். மூன்று நொடி வேலை. மாமா பக்கத்தில்தான் இருந்தார், புழு மாட்டிக்கொண்டு.

பிப்ரவரியில் பைக்குகள் வந்தன. மதுரையிலிருந்து, கோவில்பட்டியிலிருந்து. பின் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போயிருக்கிறது. வந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை, என்னைப் போன்றவர்கள்தான். ஆனால் அவர்களிடம் இருந்தது பின் மட்டும்தான். குத்தகைக்காரர் யாரென்று பின்னில் இல்லை. சிவப்பு அலையைக் கண்டால் தள்ளிப் போக வேண்டும் என்று அதில் இல்லை. குஞ்சுக்கூட்டத்தின் நடுவிலேயே போட்டு ஜோடி விராலையும் எடுத்திருக்கிறார்கள். ஒருவர் ஆறு கிலோ கட்லாவைத் தூக்கிப் பிடித்துப் படம் போட்டார். குத்தகை எடுத்தவர் அதைப் பார்த்துவிட்டார். மறுவாரமே கரையில் ஆள் போட்டார், தூண்டில் என்று எதைக் கண்டாலும் ஒடி என்று. முதலில் ஒடிந்தது மாமாவின் மூங்கில் கம்பு. ஒடித்தவன் புது ஆள். மாமாவைத் தெரியாது.

அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன் போட்டேன். "பரவால்ல மாப்ள, வயசாச்சுல்ல எனக்கும்," என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு ஊருக்குப் போகும்போதெல்லாம் மாமா வீட்டுக்குப் போவேன். அத்தை பால்கோவா வைப்பாள். மாமா வேலையைப் பற்றிக் கேட்பார், பெங்களூரில் வீட்டு வாடகையைக் கேட்பார். மீனைப் பற்றி மட்டும் பேச்சு வராது. ஆறு வருஷம். நடுவில் சர்க்கரை முற்றி அவருக்கு இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். கரைமேட்டில் நடக்கக் கூடாது என்று சொல்லியாயிற்று.

2023 டிசம்பரில் தெற்கே பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த மழை. எங்கள் பக்கத்திலும் கண்மாய்கள் நிறைந்தன. நான் பெங்களூரில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தில் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுகால் தண்ணீர் எங்கே போகிறது என்று விரலால் தொடர்ந்துகொண்டே போனேன். சின்ன வயதில் இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. ராஜபாளையத்துத் தண்ணீரும் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தண்ணீரும் கடைசியில் போய்ச் சேர்வது வைப்பாற்றில். மலையடிவாரத்து ஓடைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்து வெம்பக்கோட்டை, சாத்தூர் வழியாகப் போகிறது. வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் தண்ணீரைச் சுமந்து வரும் அர்ச்சுனா நதி இருக்கன்குடியில் சேர்கிறது. பிறகு விளாத்திகுளம் தாண்டி, சிப்பிகுளம் கீழவைப்பார் பக்கம் மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. எங்களுக்கும் கடல் இருந்திருக்கிறது. 130 கிலோமீட்டருக்குக் குறையாத வாய்க்கால் ஒன்றின் கடைசியில்.

மாமாவுக்குப் போன் போட்டேன். "மாமா, நம்ம கண்மாய்த் தண்ணி கடல்ல சேர்ற இடத்தைப் பார்த்துட்டு வருவமா? கார்லதான். நடக்க வேணாம்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "தூண்டில் கொண்டு வர்றியா?" என்றார்.

பிப்ரவரியில் போனோம். அதற்கு முன் ஒரு மாதம் நான் செய்த வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பழைய செயற்கைக்கோள் படங்களை வருஷ வாரியாக எடுத்து வைத்து முகத்துவாரத்தைப் பார்த்தேன். ஒரு வருஷம் வாய் திறந்திருக்கிறது, இன்னொரு வருஷம் மணல் மூடியிருக்கிறது, வேறொரு வருஷம் வாய் தள்ளிப் போயிருக்கிறது. ஓத அட்டவணையைப் பார்த்தேன். மன்னார் வளைகுடாவில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனாலும் ஆற்று வாயில் அது போதும். தண்ணீர் ஏறும்போது மீன் உள்ளே வரும், வற்றும்போது வாயில் இரைக்குக் காத்திருக்கும். ஐந்து இடங்களைக் குறித்துக்கொண்டேன். ஐந்து பின்கள். மாமாவிடம் காட்டவில்லை.

வழியில் வெம்பக்கோட்டையில் டீ குடித்தோம். பக்கத்தில் விஜயகரிசல்குளத்தில் 2022-ல் அகழாய்வு தொடங்கினார்கள். வைப்பாற்றின் கரை அது. அங்கே கிடைத்தவற்றில் சங்கு வளையல்கள் ஏராளம். கரிசல் காட்டு நடுவில் சங்கு. கடலிலிருந்து யாரோ இவ்வளவு தூரம் சங்கைக் கொண்டுவந்து, அறுத்து, ராவி, வளையல் போட்டிருக்கிறார்கள். மாமாவிடம் சொன்னேன். "அப்ப நாமதான் ரொம்ப லேட்டு," என்றார்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தில் நின்று பார்த்தபோது ஆற்றில் தண்ணீர் இருந்தது. அகலமான மணலில் ஒரு ஓரமாக, சீமைக்கருவேலத்துக்கு நடுவே, முழங்கால் அளவு. மாமா ரொம்ப நேரம் பார்த்தார். "நம்ம தண்ணி," என்றார். அதில் பெருமையா சந்தேகமா என்று தெரியவில்லை.

உப்பளங்களைத் தாண்டி முகத்துவாரத்துக்குப் போனால் என்னுடைய ஐந்து பின்களில் மூன்று தண்ணீருக்குள் இருந்தன, ஒன்று மணல்மேட்டின் மேல். டிசம்பர் வெள்ளம் வாயைப் புதிதாக உடைத்திருந்தது. நான் வைத்திருந்தது பழைய ஆற்றின் படம். எங்கள் தொழிலில் இதைக் கேஷ் பிரச்னை என்போம். மூலத்தில் தகவல் மாறிவிடும், நம்மிடம் பழைய நகல் இருக்கும், நாம் அதையே நம்பிக்கொண்டிருப்போம்.

கரையில் வலை உதறிக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்களிடம் கேட்டேன். "இங்க தூண்டில் போட்டா எங்க மீன் கிடைக்கும்?"

"இங்க என்னண்ணே மீனு. வேம்பார் போங்க, அங்கதான் கிடக்கு."

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் கண்மாய்க் கரையில் பைக்கை நிறுத்தி யாராவது கேட்டால் மாமா சொல்கிற பதில் இதுதான். "இங்க எல்லாம் வத்திப்போச்சுண்ணே. வத்திராயிருப்பு போங்க, அணையில கிடக்கு." சொல்லும்போது பின்னால் சாக்கில் விரால் துள்ளிக்கொண்டிருக்கும்.

கொஞ்சம் தள்ளி ஒரு வள்ளத்தின் நிழலில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாமா குச்சியை ஊன்றிக்கொண்டு மெல்ல அவரிடம் போனார். மீனைப் பற்றி வாயே திறக்கவில்லை.

"இந்த வருசம் ஆத்துல எத்தனை நாளு தண்ணி வந்துச்சு அண்ணாச்சி?"

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "எந்த ஊரு?"

"சீவில்லிபுத்தூரு."

"அப்ப உங்க ஊருத் தண்ணிதான இது!" என்றார். குரல் மாறிவிட்டது. உட்காரச் சொன்னார். ஆற்றுத் தண்ணீர் வந்தால்தான் வாயில் இறால் சேரும், இறால் இருந்தால்தான் மற்ற மீன் கரை தேடி வரும் என்றார். "நீங்க மேல அடைச்சி வச்சிக்கிட்டா நாங்க எங்க போவ?" சண்டையாகச் சொல்லவில்லை. கணக்கு கேட்பதுபோலச் சொன்னார். நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். வெம்பக்கோட்டை அணை, கோல்வார்பட்டி அணை, இருக்கன்குடி அணை, அதற்கு மேலே எத்தனையோ கண்மாய்கள். எங்கள் கண்மாய் நிறைந்தது என்று நாங்கள் கொண்டாடுகிற ஒவ்வொரு வருஷமும் இங்கே ஒருவர் தண்ணீர் வருமா என்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். மாமா தலையைக் குனிந்துகொண்டு, "எங்களுக்கே பாதி வருசம் இல்ல அண்ணாச்சி," என்றார். பெரியவர் தலையாட்டினார்.

அரை மணி நேரம் இப்படியே போனது. நடுவில் பெரியவர் மாமாவின் காலைப் பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. எழுந்து, "வாங்க," என்றார்.

ஈர மணலில் நூறடிகூட இருக்காது. ஓரிடத்தில் நின்றார். "தம்பி, அங்க கோயில் கோபுரம் தெரியுதா? அதுக்குப் பின்னாடி செல்போன் டவர். ரெண்டும் ஒண்ணா நிக்கிற வரைக்கும் இப்படியே வரணும். இப்ப இந்தப் பக்கம் பாருங்க. அந்த ஒத்தைப் பனைக்கு நேர் பின்னால உப்புக் குமி. அதான் இடம். கீழ பள்ளம்."

இரண்டு நேர்கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளி. இன்ஜினியரிங் முதல் வருஷத்தில் படித்தது. கரையில் இருக்கிற இரண்டு ஜோடி அடையாளங்களை வைத்து நடுக்கடலில் பாரைக் கண்டுபிடிக்கிற வித்தை இதுதான். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் எல்லாக் கடற்கரைகளிலும் இருந்தது. நான் ஒரு புத்திசாலிக் கேள்வி கேட்டேன். "உப்புக் குமியை அள்ளிட்டுப் போயிட்டா?"

"அள்ளுனா வேற குமி பாக்கணும். தண்ணி வாயை மாத்துனா பள்ளமும் மாறும். அதுக்குத்தான வந்து வந்து பாக்கணும்?"

மாமாவிடம் ஒரு கைத்தூண்டிலைக் கொடுத்தார். பிளாஸ்டிக் பாட்டிலில் சுற்றிய நரம்பு, நுனியில் ஈயம், முள்ளில் உரித்த இறால். கம்பு இல்லாமல் மாமா தூண்டில் போட்டதே இல்லை. பெரியவர் அவர் விரலைப் பிடித்து நரம்பை எப்படித் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று காட்டினார். அறுபத்தி மூன்று வயதில் மாமா சின்னப்பையன் மாதிரி நின்றார். என்னுடைய ரீல் தூண்டில் கார் டிக்கியிலேயே கிடந்தது. எடுக்கத் தோன்றவில்லை.

நாலு கிழங்கான் கிடைத்தது. சாண் அளவு, மெலிதாக, வெள்ளிக் கம்பி மாதிரி. பக்கத்தில் வந்து விழுந்த சின்னதாக ஒன்றைப் பெரியவர் எடுத்துத் திரும்ப விட்டார். மாமா அவரைப் பார்த்தார். அவர்களுக்குள் எதுவோ முடிந்துவிட்டது மாதிரி இருந்தது. தூரத்தில் கடல் தட்டையாகக் கிடந்தது. வடக்கே அந்தப் பக்கம்தான் நல்லதண்ணித் தீவும் உப்புத்தண்ணித் தீவும், 1986-ல் அறிவித்த கடல் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் இரண்டு. யாரும் போகக் கூடாது. மீன் கிடைக்கிற இடத்தைக் காப்பாற்றச் சர்க்காரிடம் அந்த ஒரு வழி இருக்கிறது. இந்தப் பெரியவரிடம் இன்னொரு வழி இருந்தது. கூட்டிக்கொண்டு போய், பக்கத்திலேயே நின்று, நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று பார்ப்பது.

கிளம்பும்போது கை தன்னால் போனுக்குப் போனது. அந்த இடத்தில் ஒரு பின் போட்டு வைத்துக்கொள்ளலாம், யாருக்கும் அனுப்ப வேண்டாம், எனக்கு மட்டும் என்று தோன்றியது. மாமா பார்த்துக்கொண்டிருந்தார். போனைப் பைக்குள் போட்டேன்.

திரும்பி வரும்போது எட்டயபுரம் தாண்டி இருட்டிவிட்டது. இருட்டில் பேசுவது சுலபம். "மாமா, அந்தப் புளியமரத்து விஷயம்..." என்று ஆரம்பித்தேன். ஆறு வருஷமாக வைத்திருந்த வாக்கியம், பாதியில் நின்றுவிட்டது.

அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ அனுப்புனது என் இடமே இல்ல மாப்ள."

"என்ன?"

"புளியமரம் சும்மா. உன்னைக் கூட்டிட்டு வரும்போது மட்டும் போற இடம். என் இடம் மடைக்கு வடக்கே. ஒனக்கு இன்னும் கொஞ்சம் வயசாகட்டும்னு நினைச்சேன்."

வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டியதாகிவிட்டது. சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. பதினைந்து வருஷம் கேரியரில் உட்கார்ந்து போனவனுக்கும் அவர் உண்மையான இடத்தைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அதையும் அனுப்பியிருப்பேன். அவர் கணக்கு சரி. அதுதான் வலித்தது.

"அங்க யாருக்கும் தெரியாதா?"

"காவக்காரருக்குத் தெரியும். அவரு போயிட்டாரு போன வருசம்."

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. நான் சொன்னதால் ஒரு இடம் போனது. அவர் சொல்லாமலே இருந்தால் இன்னொரு இடமும் போய்விடும். அந்தக் காலோடு அவரால் மடைக்கு வடக்கே நடக்க முடியாது. வாயால் சொன்னால் போதுமா? கோபுரமும் டவரும் மாதிரி அதற்கு ஏதாவது அடையாளம் இருக்கிறதா? கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

"கால் புண்ணு முழுசா ஆறட்டும்," என்றார் அவராகவே. "ஒருநாள் போவோம். கரையில சேர் போட்டு ஒக்காந்துக்கிறேன், நீ நடந்து பாரு. தப்பாப் போனா சத்தம் போடுறேன்."

அது நடந்து ஒரு கோடை, ஒரு மழைக்காலம் போய்விட்டது. புண் முழுசாக ஆறவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் விடியற்காலையில் நான் மட்டும் கண்மாய்க் கரைக்குப் போய் மடைக்கு வடக்கே நிற்கிறேன். தூண்டில் கொண்டுபோவதில்லை. தண்ணீரைப் பார்க்கிறேன். எங்கே குமிழ் வருகிறது, எங்கே கொக்கு நிற்கிறது, எங்கே நிழல் விழுகிறது. மூன்று இடங்களைச் சந்தேகப்படுகிறேன். காவலுக்கு இப்போது இருக்கிற பையனுக்கு என் முகம் பழகிவிட்டது. போன முறை, "என்னண்ணே தேடுறீங்க?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்லப்பா. இங்க மீனெல்லாம் இருக்கா?"

"இங்க என்னண்ணே மீனு," என்றான்.